கரையோரப் பிள்ளைகளின் மனநலம்: ஓர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் எதை, எப்படிப் படிக்கலாம்?

கேட்டிருப்பவர் ராமநாதபுரம் கடற்கரையோர ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவ அலுவலர். அவருடைய கேள்வி சுருக்கமாக இது: “வாரம் தவறாமல் 12 முதல் 20 வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். தலைவலி, மயக்கம், வலிப்பு மாதிரி ஒன்று, கையில் கீறல், தூக்கமில்லை என்று. எம்பிபிஎஸ் படிக்கும்போது மனநலப் பிரிவில் இருந்தது இரண்டே வாரம். ஆன்லைன் சர்டிஃபிகேட் கோர்ஸ் விளம்பரங்கள் நிறைய வருகின்றன. எதில் சேரலாம்? இரண்டு நாள் வொர்க்‌ஷாப் போதுமா? செவிலியரையும் பள்ளிக் கவுன்சிலரையும் சேர்த்துக்கொள்ளலாமா?”

டாக்டர், பதிலை நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓபிக்கு வந்த பிள்ளையைப் பற்றிப் பேச இடம் தருகிற பயிற்சியில் சேருங்கள். அந்த இடம் இல்லாத பயிற்சியை, யார் நடத்தினாலும், இரண்டாவதாக வையுங்கள். இரண்டு நாள் வொர்க்‌ஷாப் தொடங்குவதற்கு நல்லது. அதோடு நின்றுவிட்டால் போதாது. செவிலியரும் கவுன்சிலரும் கட்டாயம் உங்களோடு இருக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வொர்க்‌ஷாப் மட்டும் போதாது என்பது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. மருத்துவப் பணியாளர்களுக்கு நடத்தும் கூட்டங்களும் வொர்க்‌ஷாப்களும் அவர்கள் சிகிச்சை செய்யும் விதத்தை எவ்வளவு மாற்றுகின்றன என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2009இல் பார்த்தது, 2021இல் மறுபடியும் பார்த்தது. இரண்டு முறையும் கிடைத்த விடை கிட்டத்தட்ட ஒன்றுதான்: முறைப்படி சிகிச்சை செய்வது 6, 7 சதவீதப் புள்ளி அளவுக்குக் கூடுகிறது. சுத்தமாக வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாள் ஓபியை மூடிவிட்டு மதுரைக்கோ சென்னைக்கோ போய் வருகிறவருக்கு அது சின்னப் பலன்தான்.

இதைவிடத் தெளிவான பாடம் வில்லியம் மில்லர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. போதைப் பழக்கத்துக்கு ஆலோசனை தருகிறவர்களுக்கு, நோயாளியின் சொந்த விருப்பத்தைத் தூண்டிப் பேசும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்கு வொர்க்‌ஷாப் மட்டும். மற்றவர்களுக்கு வொர்க்‌ஷாப்புக்குப் பிறகு, அவர்கள் நோயாளியோடு பேசிய ஒலிப்பதிவைக் கேட்டுக் கருத்துச் சொன்னார்கள், அல்லது தொலைபேசியில் தொடர்ந்து வழிகாட்டினார்கள், அல்லது இரண்டையும் செய்தார்கள். வொர்க்‌ஷாப் முடிந்த கையோடு எல்லோருமே நன்றாகச் செய்தார்கள். நாலு மாதம் கழித்துப் பார்த்தால், வொர்க்‌ஷாப்போடு நின்றவர்கள் கற்றதை இழக்கத் தொடங்கியிருந்தார்கள். பின்தொடர்ந்த ஆள் இருந்தவர்களிடம் அது நின்றது. உங்களுக்கு ஒரு கோர்ஸைப் பற்றித் தகவல் வந்தால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்தே கிடைக்கிறது: “வகுப்பு முடிந்த பிறகு ஆறு மாதத்துக்கு என் கேஸ்களை யார் கேட்பார்கள்?” பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் பின்தொடரும் முறைக்கு நம் நாட்டில் நல்ல வழி இருக்கிறது. 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் ‘எக்கோ’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் பல மணி நேரம் பயணம் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்தது. நோயாளியை வரவழைப்பதற்குப் பதிலாக, கிராமத்து டாக்டர்களை வாரந்தோறும் காணொலியில் உட்காரவைத்து, அவரவர் கேஸை அவரவர் வாயாலேயே சொல்லச் சொன்னார். நிபுணர்கள் கேட்டார்கள், மற்ற கிராமத்து டாக்டர்களும் கேட்டார்கள். 2011இல் வந்த முடிவுகளில், கிராமத்து டாக்டர்கள் கையில் குணமானவர்களின் விகிதமும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் விகிதமும் ஏறக்குறைய சமமாக இருந்தன, இரண்டுமே 58 சதவீதத்தை ஒட்டி. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இதே முறையைத்தான் மனநலத்துக்கு எடுத்துக்கொண்டது. 2018இல் தொடங்கிய நிம்ஹான்ஸ் டிஜிட்டல் அகாடமி மருத்துவ அலுவலர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், செவிலியர்கள் என்று தனித்தனியாகப் பயிற்சி நடத்துகிறது. குழந்தைகள் விஷயத்துக்கென்றே நிம்ஹான்ஸில் ‘சம்வாத்’ என்ற பிரிவும் இருக்கிறது. நெருக்கடியில் இருக்கும் குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களுக்கான பயிற்சி அவர்களுடையது. நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

நம் பக்கத்திலும் மனநல வேலை செய்கிற அமைப்புகள் இருக்கின்றன. மதுரையில் 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், தற்கொலைத் தடுப்புக்கு 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா. ஸ்கார்ஃப் 2010இல் நமக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் ஒரு பேருந்தை மனநல ஓபி ஆக்கி, சென்னையில் இருந்த மருத்துவரைத் திரை வழியாகக் கிராமத்துக்கே கொண்டுவந்தது. தூரம் ஒரு காரணமே இல்லை என்று நம்பவைத்த வேலை அது. ராமநாதபுரத்திலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டக் குழுவும் இருக்கிறது. முறையான பயிற்சி தொடங்கும் வரை காத்திருக்காமல், சந்தேகம் வந்த அன்றைக்கே அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கப் பழகுங்கள்.

சரி, எதைப் படிப்பது? கோர்ஸ் விளம்பரங்களில் சிகிச்சை முறைகளின் பெயர்கள்தான் பெரிதாக இருக்கும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் முதலிடம் கொடுப்பது வேறு: ஒரு பிள்ளையிடம் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்கக் கற்றுக்கொள்வது. “கேட்டால் நாமே எண்ணத்தைக் கிளப்பிவிட்டது மாதிரி ஆகாதா?” என்று ஒவ்வொரு பயிற்சியிலும் யாராவது கேட்பார்கள். நியாயமான பயம்தான். இதற்கு 2005இல் மேடலின் கோல்ட் குழு பதில் தேடியது. நியூயார்க் மாநிலத்தில் 2,342 பள்ளி மாணவர்களைப் பிரித்து ஒரு பாதியிடம் தற்கொலை பற்றிக் கேட்டார்கள், மறுபாதியிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மன வேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே துவண்டு போயிருந்த பிள்ளைகளுக்குக் கேட்டதே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆகவே கேளுங்கள். சுற்றி வளைக்காமல், பதறாத குரலில், தனியாக வைத்துக் கேளுங்கள்.

தனியாக என்று சொன்னதற்கு நம் ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிள்ளையோடு அம்மா, அத்தை, சில நேரம் பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு பேர் அறைக்குள் வருவார்கள். “அம்மா, நீங்க சொன்னதெல்லாம் எழுதிக்கிட்டேன். இந்த வயசுல எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் பத்து நிமிஷம் தனியாப் பேசுறது எங்க வழக்கம். சிஸ்டர் கூடவே இருப்பாங்க” என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. ‘எல்லாப் பிள்ளைகளிடமும்’ என்பதால், தன் பிள்ளையை மட்டும் சந்தேகப்படுகிறார்கள் என்ற நினைப்பு அம்மாவுக்கு வராது. அந்தப் பத்து நிமிடத்தில் எங்கே தொடங்குவது என்பதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு வரிசை உண்டு: வீடு, படிப்பு, நண்பர்களும் பொழுதுபோக்கும், போதைப் பொருள், பாலுறவு, கடைசியாகத் தற்கொலை எண்ணம். எளிதானதில் தொடங்கிக் கடினமானதில் முடிகிற வரிசை. கோல்டன்ரிங், கோஹன் என்ற இருவர் 1988இல் எழுதிய கட்டுரையால் பரவியது. புத்தகத்தில் படித்தால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். வாயில் வருவதற்கு நாலைந்து தடவை ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் டாக்டராகவும் நடித்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் நடத்தும் ‘ஈக்விப்’ தளத்தில், குழந்தைகளோடு பேசுகிறவரின் திறனை மதிப்பிட ‘வீஆக்ட்’ என்ற பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. நடித்துப் பார்க்கும்போது மூன்றாவது ஆள் அதை வைத்துக் குறித்துக்கொள்ளலாம்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்த பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்வது? எனக்கு மிகப் பிடித்த ஆய்வு இதில்தான் இருக்கிறது, அதில் சென்னையும் பங்கெடுத்தது. பிரேசிலின் கம்பினாஸ், சென்னை, கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் என்று 5 ஊர்களில் 1,867 பேரைச் சேர்த்தார்கள், எல்லா வயதினரும் இருந்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு, ஆஸ்பத்திரியை விட்டுப் போகும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு, பிறகு 18 மாதங்களில் 9 முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு. அவ்வளவுதான். 18 மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். 2008இல் வெளிவந்தது. இதற்கு விலை உயர்ந்த மருந்தோ பெரிய பட்டமோ தேவைப்படவில்லை. உங்கள் கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளைத் தேடிப்போய் விசாரிக்கிறார் அல்லவா, அதே நோட்டில் இன்னொரு பக்கம் போதும். பெயரை வெளியே சொல்லாத கட்டுப்பாடு மட்டும் கூடுதலாக வேண்டும்.

டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் இதே மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறது. முகாமிலேயே வாழ்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தொடர்ந்து விசாரிப்பதையும், நெருக்கடி வந்தால் யாரிடம் போவது, எதைக் கைக்கு எட்டாமல் வைப்பது என்று எழுதி வைப்பதையும் அவர்கள் மூலமே செய்தார்கள். மண்டபத்தில் முகாம் இருக்கிற மாவட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்காமல் இருக்கக் கூடாது.

நீங்கள் ‘வலிப்பு மாதிரி ஒன்று’ என்று எழுதியதைப் பார்த்தேன். பரீட்சை நேரத்தில், கல்யாணப் பேச்சு எடுக்கும் நேரத்தில், வீட்டில் அடிதடி நடந்த மறுநாள் ஒரு பெண் பிள்ளை விழுந்து வெட்டி வெட்டி இழுக்கிறாள். கண் இறுக மூடியிருக்கிறது, தலை இடம் வலமாக ஆடுகிறது, பத்து இருபது நிமிடம் நீள்கிறது, முடிந்ததும் குழப்பமில்லாமல் பேசுகிறாள். இது மன அழுத்தம் உடம்பு வழியாக வெளிப்படும் வலிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரே பிள்ளைக்கு உண்மையான காக்காய் வலிப்பும் இதுவும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் வீட்டாரிடம் செல்போனில் படம் எடுத்து வரச் சொல்லி நரம்பியல் நிபுணரிடம் காட்டுங்கள். பயிற்சியில் இதற்குக் கேட்க வேண்டியது, குடும்பத்திடம் என்ன சொல்வது என்பதை. “ஒண்ணுமில்லை, நடிக்கிறா” என்று ஓர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய அன்றைக்கே அந்தக் குடும்பம் டாக்டர்களை விட்டுவிட்டு மந்திரிக்கிறவரிடம் போய்விடும். பிள்ளையும் அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டாள். “வலிப்பு நிஜம்தான். மூளையில கோளாறு இல்லை. மனசு தாங்காததை உடம்பு காட்டுது. சரியாகும்” என்று சொல்லிப் பழகுங்கள். இந்த நாலு வரியைத் தடுமாறாமல் சொல்வதற்கே பயிற்சி வேண்டும்.

மருந்து விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் மனநல நிபுணர் அல்லாதவர்களுக்காக எழுதிய எம்எச்கேப் கையேடு, 2016இல் வந்த இரண்டாம் பதிப்பு, இலவசம். அதில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனி அத்தியாயம் உண்டு. அதை மேஜையிலேயே வையுங்கள். 12 வயதுக்குக் கீழ் மனச்சோர்வு மருந்தை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அதற்கு மேல் ஃப்ளூவாக்ஸெட்டின் கொடுக்கலாம், நிபுணரைக் கலந்துகொண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் இந்த வகை மருந்துகளுக்கு, இளவயதினரிடம் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற கடுமையான எச்சரிக்கையை வைத்தது. அதற்காக மருந்தே கூடாது என்று ஒதுங்க வேண்டியதில்லை. முதல் சில வாரங்கள் அடிக்கடி வரவழைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே. படபடப்பு என்று வரும் பிள்ளைக்கு அல்பிரசோலம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரையை எழுதிக்கொடுத்து அனுப்பும் வழக்கம்தான் எனக்கு உண்மையில் கவலை. அது மாறுவதற்காகவே ஒரு பயிற்சி நடத்தலாம்.

சட்டத்தை யாரும் ஆசையாகப் படிப்பதில்லை, ஆனால் நள்ளிரவில் கைகொடுப்பது அதுதான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309வது பிரிவே இல்லை. “போலீஸ் கேஸ் ஆயிரும்” என்ற பயத்தில் பிள்ளையைப் பாதிச் சிகிச்சையில் கூட்டிக்கொண்டு போகிற அப்பாவிடம் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 94வது பிரிவு, அவசர நேரத்தில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தர வழி விடுகிறது, பொறுப்பாளர் அங்கே இருந்தால் அவர் சம்மதத்தோடு. நீங்களும் அந்த ‘எந்த மருத்துவரும்’தான்.

போக்சோ சட்டம் இன்னும் நுட்பமானது. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையிடம் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் இருப்பது குற்றம். தனியாகப் பேச உட்காரும் முன், “நீ சொல்றதை வெளியே சொல்ல மாட்டேன், ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா சிலரிடம் சொல்லித்தான் ஆகணும்” என்று சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நேர்மை. 16 வயதுப் பெண் கர்ப்பமாக வந்து, அவளும் பெற்றோரும் பெயர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டால், கருக்கலைப்புக்காக வருகிற அந்தச் சூழ்நிலையில் புகாரில் அடையாளத்தைக் குறிப்பிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. இதை அறியாமல் எத்தனையோ பெண்கள் பாதுகாப்பில்லாத இடங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். பயிற்சியில் ஒரு வக்கீலையோ குழந்தைகள் நலக் குழுவிலிருந்து ஒருவரையோ கூப்பிட்டு உட்காரவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி, பெங்களூரிலும் சென்னையிலும் யாரும் உங்களுக்குக் கற்றுத்தர முடியாத பகுதிக்கு வருகிறேன். அது இந்தக் கரை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்பா வீட்டில் இருப்பார், கையில் காசு இருக்காது. குடி கூடும் வீடுகளில் சண்டையும் கூடும். பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவது இதே மே மாதத்தில்தான். கடன் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டியதும் இதை ஒட்டித்தான். ஒரு பதினேழு வயதுப் பையனுக்குத் தோல்வியும், “படிச்சது போதும், தடை முடிஞ்சதும் போட்டுல ஏறு” என்ற பேச்சும் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. மனநல நாள்காட்டி என்று ஒன்றை நீங்கள் போட்டால், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் தொண்டிக்கும் அது மே மாதத்தில் சிவப்பாக இருக்க வேண்டும். பயிற்சியும் பின்தொடர்தலும் மார்ச்சுக்குள் தயாராக இருக்க வேண்டும்.

இலங்கைக் கடற்படை படகைப் பிடித்த செய்தி வந்தால் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரியவர்கள் மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் அலைகிறார்கள். பதினாலு வயது மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, ராத்திரி பூராவும் வாட்ஸ்அப்பில் அப்பா பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கும். இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளை உங்களிடம் வயிற்று வலி என்று வரும். “வீட்ல அப்பா கரையிலயா கடல்லயா?” என்ற ஒரு கேள்வியை உங்கள் வரிசையில் வீட்டைப் பற்றிக் கேட்கும் இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அது “அத்தா ஊர்லயா சபுர்லயா?” என்று மாறும். அங்கே முடிவெடுக்கும் மனிதர் வளைகுடாவில் இருக்கிறார். அம்மா மட்டும் உட்கார்ந்திருக்கும் அறையில் சிகிச்சையை விளக்கிவிட்டு, அது நின்றுபோனதற்கு அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு அத்தாவிடமும் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

அப்புறம் ஏர்வாடி, மனநோயாளிகளைக் குணம் தேடிக் கூட்டிவருகிற தர்கா உள்ள ஊர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017 சட்டத்தின் 95வது பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடுக்கிறது. அந்தத் தடைக்குப் பின்னால் நம் கரையில் இறந்தவர்கள் இருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். இந்த மாவட்டத்தில் மனநலப் பயிற்சி பெறும் எவரும் அந்த நாளைப் படிக்காமல் தொடங்கக் கூடாது.

தர்காவுக்கு வருகிறவர்களைத் தடுப்பது வேலை இல்லை. குஜராத்தின் உனாவாவில் மீரா தாதார் தர்காவில், பிரார்த்தனையும் நடக்கட்டும், பக்கத்திலேயே மருந்தும் கிடைக்கட்டும் என்று ‘தவா துவா’ என்ற பெயரில் ஒரு முறையைத் தொடங்கினார்கள். பின்னாளில் அது ஏர்வாடிக்கும் வந்தது. இளைஞர்கள் விஷயத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள். 18, 20 வயதில் முதல் தடவையாக மனச்சிதைவு தொடங்கும் பையனைக் குடும்பம் பெரும்பாலும் முதலில் கூட்டிப்போவது ஒரு வழிபாட்டுத் தலத்துக்கு. சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் பின்னால் குணமாவதைக் கடினமாக்குகிறது. தர்காவில் பணி செய்கிறவர், கோயில் பூசாரி, பங்குச் சாமியார் என்று யாரிடம் அந்தக் குடும்பம் முதலில் நிற்கிறதோ, அவருக்கு உங்கள் போன் நம்பர் தெரிந்திருந்தால் அந்தத் தாமதம் குறையும். உங்கள் தொடர் கல்வியின் ஒரு பகுதியாக ஏர்வாடிக்குப் போய் அங்கே மனநலக் குழு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பட்டமேற்படிப்பு மாணவர்கள் பலருக்குக் கிடைக்காத பாடம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இனி செவிலியரும் கவுன்சிலரும். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு அது எழுபது பேருக்கு மேல். அந்த எழுபது பேரையும் ஒரு டாக்டர் பார்க்க முடியாது, எல்லோருக்கும் டாக்டர் தேவையும் இல்லை. கோவாவில் 1996இல் தொடங்கிய சங்கத் அமைப்பு, மனநலப் பட்டம் இல்லாதவர்களுக்கு நல்ல பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் கொடுத்தால் அவர்களால் ஆலோசனைச் சிகிச்சை தர முடியும் என்று பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு, பிரச்சினையைப் பிரித்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் தீர்க்கும் சின்ன முறை ஒன்றையும் அவர்கள் டெல்லிப் பள்ளிகளில் சோதித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட ‘ஈஸ்’ என்ற குழுப் பயிற்சி 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 7 அமர்வு, பெற்றோருக்கு 3 அமர்வு. அதையும் நிபுணர் அல்லாதவர்களே நடத்தலாம். உங்கள் செவிலியர் இதைக் கற்றால், நீங்கள் மாற்றலாகிப் போன பிறகும் வேலை நிற்காது. மருத்துவ அலுவலர்கள் மாறிக்கொண்டே இருக்கும் மாவட்டத்தில் இது பெரிய காரணம்.

தொடர் கல்விக்குக் கிடைக்கும் பாயிண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிகள் 5 ஆண்டுக்கு 30 மணி நேரத் தொடர் கல்வியை எதிர்பார்க்கின்றன. மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த உளவியலாளர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. சேரும் முன், உங்கள் கவுன்சில் அந்தப் பயிற்சியை ஏற்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாயிண்டுக்காக ஓட்டலில் நடக்கும் அரைநாள் கூட்டம் இருந்தால் போய்வாருங்கள். மேலே சொன்ன வேலைக்கு அதை ஈடாக நினைக்க வேண்டாம்.

இவ்வளவும் ஒரேயடியாக முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், கோர்ஸில் சேரும் அதே வாரத்தில் ஒரு கேஸ் கூட்டத்தையும் தொடங்குவேன். மாதம் ஒரு முறை, ராமநாதபுரத்தில் எல்லோருக்கும் பஸ் கிடைக்கிற ஓர் இடத்தில் நேரில், அல்லது ராத்திரி எட்டு மணிக்குக் காணொலியில். பக்கத்துச் சுகாதார நிலையங்களின் டாக்டர்கள் இரண்டு மூன்று பேர், செவிலியர்கள், பள்ளிக் கவுன்சிலர், மாவட்ட மனநலக் குழுவிலிருந்து ஒருவர். ஒரு கூட்டத்துக்கு ஒரே கேஸ், நாற்பது நிமிடம். பெயரும் ஊரும் சொல்லக் கூடாது. வயது, வகுப்பு, வீட்டில் யார் யார், என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், எங்கே முட்டி நிற்கிறேன் என்று அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். ‘எங்கே முட்டி நிற்கிறேன்’ என்பதை எழுதாதவர் அன்றைக்குப் பேசக் கூடாது என்ற விதி வையுங்கள், அங்கேதான் எல்லோரும் கற்கிறார்கள். மூத்தவர் யாராவது இளையவரின் கேஸைக் கேட்டுவிட்டு உடனே தீர்ப்புச் சொன்னால் அடுத்த மாதம் யாரும் கேஸ் கொண்டுவரமாட்டார்கள். முதலில் எல்லோரும் கேள்வி மட்டும், ஆலோசனை கடைசிப் பத்து நிமிடத்தில். போன மாதக் கேஸ் என்ன ஆயிற்று என்று ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுத்தான் புதியதைத் தொடங்க வேண்டும்.

கூட்டத்துக்கு அலுவலக அனுமதி வேண்டும் என்றால் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், செவிலியருக்கு அந்த நாள் பணி நாளாகக் கணக்கில் வரும்படி. இடையில் அவசரம் என்றால் 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் எண், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இரண்டையும் ஓபி சீட்டின் பின்பக்கம் அச்சடித்துவிடலாம். ஏப்ரல் 15க்கு முன்னால் இரண்டு கூட்டமாவது நடந்துவிட்டால், தடைக்காலமும் ரிசல்ட்டும் ஒன்றாக வரும்போது எந்தப் பிள்ளையை யார் போய்ப் பார்ப்பது என்று உங்களுக்குள் ஏற்கெனவே பேசி முடித்திருப்பீர்கள்.